கிளேசியர் எக்ஸ்பிரஸில் போக அவ்வளவு காசு தகுமா? சுவிஸ் மலை ரயில்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவிஸின் கிழக்கே உள்ள கூர் நகரில் எங்கள் வீடு ரயில் நிலையத்தில் இருந்து பத்து நிமிட நடை. கோடை தொடங்கினால் போதும், லண்டன், ரொறன்ரோ, யாழ்ப்பாணம், சென்னை என்று எல்லாப் பக்கத்தில் இருந்தும் சொந்தக்காரரும் சிநேகிதரும் கூப்பிடுவார்கள். "சுவிஸுக்கு வாறம். அந்தக் கூரை வரைக்கும் கண்ணாடி வச்ச ரயில்ல ஏறவேணும். விலையைப் பாத்தால் தலை சுத்துது. பெறுமதியோ?" என்று கேட்பார்கள். தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். இந்தப் பாதைகள் மேல் எனக்குப் பெரிய பிரியம். ஆட்கள் காசைக் கொட்டிவிட்டு, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் திரும்பிப் போனால் மனம் கேட்காது.

எந்த ரயில்களைப் பற்றிக் கதைக்கிறோம்?

இரண்டு ரயில்கள். முதலாவது கிளேசியர் எக்ஸ்பிரஸ். மட்டர்ஹோர்ன் மலையடியில் உள்ள செர்மாட்டில் இருந்து கிழக்கே சென் மோரிட்ஸ் வரை போகிறது. 291 கிலோமீட்டர், 91 சுரங்கங்கள், 291 பாலங்கள், ஏறத்தாழ 8 மணி நேரம். 1930 ஜூனில் ஓடத் தொடங்கியது. எக்ஸ்பிரஸ் என்று பெயர் இருந்தாலும் சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தொடாது.

இரண்டாவது பெர்னினா எக்ஸ்பிரஸ். கூரில் இருந்து தெற்கே, அல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலியின் டிரானோ வரை போகிறது. 55 சுரங்கங்கள், 196 பாலங்கள், 4 மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. கூருக்குத் தெற்கே தூசிஸில் தொடங்கி டிரானோ வரையான அல்புலா, பெர்னினா பாதைகளை 2008இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். தகுமா, தகாதா?

பாதை தகும். நூறு தரம் தகும். கண்ணாடிக் கூரைப் பெட்டிக்குக் கொடுக்கும் மேலதிகக் காசு பெரும்பாலானோருக்குத் தகாது. காரணம் இதுதான்: அதே தண்டவாளத்தில், அதே பாலங்களின் மேலால், ஊர்ச் சனம் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற சாதாரண ரயில் பெரும்பாலும் மணிக்கு ஒன்று ஓடுகிறது. அதற்கு முன்பதிவு வேண்டாம், மேலதிகக் கட்டணமும் இல்லை.

உண்மையாகவே அதே பாதையா? பக்கத்தில் வேறு தண்டவாளம் இல்லையா?

அதே பாதைதான். இந்த மலைகளில் ஒரு தண்டவாளம் போடவே பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். நிறைய இடங்களில் ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் வண்டிக்கு நிலையத்தில் காத்து நின்றுதான் போக வேண்டும். கிளேசியர் எக்ஸ்பிரஸுக்கு என்று தனி வழி கிடையாது.

ஒரு வித்தியாசம் உண்டு. செர்மாட்டில் இருந்து சென் மோரிட்ஸ் வரை சாதாரண ரயிலில் போனால் வழியில் வண்டி மாற வேண்டும்: ஃபிஸ்ப் அல்லது பிரிக், பிறகு அண்டர்மாட், டிசென்டிஸ், கூர். மாறுவதற்கான நேரத்தைக் கணக்கில் வைத்தே அட்டவணை போட்டிருப்பதால் அடுத்த வண்டி பெரும்பாலும் எதிர் மேடையில் நிற்கும். பெரிய பெட்டிகளோடு வருகிறவர்களுக்கு அது தொல்லை. தோளில் ஒரு பையோடு வருகிறவர்களுக்கு நாலு இடத்தில் காலாற இறங்கி ஏறும் வாய்ப்பு.

காசு எவ்வளவு வித்தியாசம்?

வட்டக் கணக்கில் சொல்கிறேன். கால அட்டவணையோடு விலையும் டிசம்பரில் மாறுவது வழக்கம். கிளேசியர் எக்ஸ்பிரஸ் முழுத் தூரத்துக்கு இரண்டாம் வகுப்பு ரிக்கற் 160 பிராங்க் அளவில், முதல் வகுப்பு 270 அளவில். அதற்கு மேல் கட்டாய இருக்கை முன்பதிவுக்கு ஒரு ஆளுக்கு 50 பிராங்க் அளவில். பெர்னினா எக்ஸ்பிரஸுக்கு ரிக்கற் 65 அளவில், முன்பதிவு 30க்கு மேல். இந்த முன்பதிவுக் காசுதான் சாதாரண ரயிலில் உங்களுக்கு மிஞ்சுவது.

நாலு பேர் உள்ள குடும்பம் என்றால் கிளேசியர் எக்ஸ்பிரஸில் இருக்கைப் பதிவுக்கு மட்டும் 200 பிராங்க். அந்தக் காசுக்கு ஒரு மலைக் கிராமத்தில் ஒரு இரவு தங்கலாம். நான் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

இன்னொரு வழியும் உண்டு. சுவிஸ் ரயில்வே விற்கிற ஒரு நாள் பாஸை மாதக் கணக்கில் முன்கூட்டி வாங்கினால், மலிவாகக் கிடைக்கும் நாட்களில் அது கிளேசியர் எக்ஸ்பிரஸின் ரிக்கற் விலையில் பாதிக்கும் குறைவு. அதை வைத்துக்கொண்டு நாடு முழுக்க அன்று எந்தச் சாதாரண ரயிலிலும் ஏறலாம், இந்த மலைப் பாதைகள் உட்பட. பயணத் தேதி மாறாது என்று உறுதியாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

சுவிஸ் டிராவல் பாஸ் இருக்கிறது. அதில் இந்த ரயில்கள் அடங்காதா?

வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு விற்கும் பாஸ் அது. பயணக் கட்டணம் அடங்கும். முன்பதிவுக் காசு அடங்காது, அதைத் தனியாகக் கட்ட வேண்டும். "பாஸ் இருக்கு, எல்லாம் இலவசம்" என்று நினைத்துக்கொண்டு செர்மாட் மேடையில் வந்து நிற்கும் ஆட்களை நான் கண்டிருக்கிறேன். பதிவு இல்லாமல் ஏற முடியாது.

பெற்றோரிடம் பாஸ் இருந்தால் 6 முதல் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் குடும்ப அட்டையில் காசில்லாமல் பயணிக்கலாம். அந்த அட்டைக்குக் காசு இல்லை, ஆனால் பாஸ் வாங்கும்போது கேட்டு எடுக்க வேண்டும். கிளேசியர் எக்ஸ்பிரஸில் பிள்ளைகளுக்கு ஆசனம் வேண்டும் என்றால் அதற்கும் முன்பதிவுக் காசு கட்டத்தான் வேண்டும்.

கண்ணாடிக் கூரை இல்லாவிட்டால் காட்சி குறையாதா?

இந்தக் கேள்விக்கு ஆறுதலாகப் பதில் சொல்கிறேன். எல்லாரும் தடுமாறுகிற இடம் இதுதான்.

தலைக்கு மேல் வளைந்து போகும் கண்ணாடி சில இடங்களில் உண்மையாகவே உதவும். செர்மாட்டில் இருந்து இறங்கும் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் மலைகள் இரண்டு பக்கமும் சுவர் போல எழும்பி நிற்கும். சாதாரண யன்னலால் பார்த்தால் உச்சி தெரியக் கழுத்தை நீட்ட வேண்டும். அங்கே கண்ணாடிக் கூரைக்குத் தான் வெற்றி.

ஆனால் அந்தப் பெரிய யன்னல்கள் திறக்காது. வெயில் நேரத்தில் உள்ளே இருக்கிற மேசை, சட்டை, கையில் உள்ள போன் எல்லாம் கண்ணாடியில் விழும். வீட்டுக்குப் போய்ப் படங்களைப் பார்த்தால் பனிமலைக்கு நடுவில் உங்கள் சிவப்புச் சட்டை தெரியும்.

கூரில் இருந்து சென் மோரிட்ஸுக்கு ஓடும் சாதாரண ரயில்களில் திறக்கும் யன்னல்களோடு படம் எடுப்பதற்கென்றே ஒரு சிறு பகுதி வைத்திருக்கிறார்கள். போன வருடம் என் மாமி ஊரில் இருந்து வந்திருந்தபோது அங்கே கூட்டிக்கொண்டு போய் நிற்க வைத்தேன். ஃபிலிசூருக்குக் கொஞ்சம் முன்னால் லாண்ட்வாசர் பாலம் வரும். 65 மீட்டர் உயரம், 136 மீட்டர் நீளம், ஆறு வளைவுகள். பாலமே ஒரு வில் போல வளைந்து போய், மறுகரையில் செங்குத்தான பாறைச் சுவரில் இருக்கும் துவாரத்துக்குள் நேராக நுழையும். 1902இல் கட்டி முடித்தது, தூண்களைச் சாரம் கட்டாமலே எழுப்பியிருக்கிறார்கள்.

வண்டி வேகம் குறைந்தது. மாமி யன்னலைக் கீழே இறக்கினா. பைன் மர வாசத்தோடு குளிர்காற்று முகத்தில் அடித்தது. பாலத்தில் ஏறியதும் சில்லுச் சத்தம் மாறிவிட்டது. அதுவரை மண்ணில் அமுங்கிக் கேட்ட சத்தம் வெறும் வெளியில் கலைந்து போனது. எங்கள் வண்டியின் சிவப்பு மூக்கு முன்னால் வளைந்து பாறைக்குள் போவதை நாங்கள் பின்னால் இருந்தே பார்த்தோம். மாமி கம்பியைப் பிடித்தபடி "ஐயோ பிள்ளை, கீழ ஒண்டும் இல்லையே!" என்றா. பிறகு சுரங்கத்தின் இருட்டும் ஈரக் குளிரும். எல்லாம் ஒரு நிமிடம்கூட இல்லை.

மூடிய கண்ணாடிக்குள் இருந்தால் அந்தக் காற்றும் சத்தமும் இல்லை. அந்த மூடிய பெட்டிக்குத்தான் கூடக் காசு கேட்கிறார்கள்.

கிளேசியர் எக்ஸ்பிரஸில் கிளேசியரைப் பார்க்கலாமா?

பெயருக்குக் காரணமான பனியாற்றை இப்போது அந்த ரயிலில் இருந்து பார்க்க முடியாது. ரோன் ஆறு பிறக்கும் ரோன் பனியாறுதான் அது. ஆரம்பத்தில் ரயில் ஃபுர்க்கா கணவாயின் மேற்பகுதியால், கிளெட்ச் என்ற இடத்தைத் தொட்டுக்கொண்டு போனது. மாரியில் அந்த வழியில் பனிச்சரிவு தாங்காது. ஸ்டெஃபன்பாக் என்ற பாலத்தை ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கழற்றி மடித்து வைத்துவிட்டு வசந்தத்தில் திரும்பவும் பூட்டுவார்கள். 1982இல் 15.4 கிலோமீட்டர் நீளமான ஃபுர்க்கா அடிச் சுரங்கம் திறந்தது. ரயில் வருடம் முழுக்க ஓடத் தொடங்கியது, பனியாறு கண்ணில் இருந்து மறைந்தது. இப்போது அந்த இடத்தில் நீங்கள் பார்ப்பது இருட்டு.

கைவிட்ட அந்தப் பழைய பாதையை ரயில் பிரியர்கள் சம்பளம் வாங்காமல் உழைத்துத் திரும்பக் கட்டி எழுப்பினார்கள். 2010இல் முழுப் பாதையும் திறந்தது. கோடையில் ரியால்ப்பில் இருந்து ஓபர்வால்ட் வரை அதில் நீராவி ரயில் ஓடுகிறது. பெயருக்காகத்தான் கிளேசியர் எக்ஸ்பிரஸில் ஏற நினைத்தீர்கள் என்றால் அந்த நீராவி ரயிலில் ஏறுங்கள். பனியாறு இன்று மேலே மேலே பின்வாங்கிவிட்டது. கோடையில் அதன் ஒரு பகுதிக்கு உருகாமல் இருக்க வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள். பார்க்கும்போது நெஞ்சு கனக்கும்.

எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாமா? சலிக்காதா?

சலிக்கும். முதல் இரண்டு மணி நேரம் எல்லாரும் யன்னலோடு ஒட்டிக்கொண்டு இருப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் கூரைக் கண்ணாடியால் இறங்கும்போது பாதிப் பெட்டி கண் மூடிவிடும். சோகம் என்னவென்றால், கிழக்கே போகிறவர்களுக்கு அதற்குப் பிறகுதான் ரைன் பள்ளத்தாக்கும் அல்புலாப் பாதையும் வருகின்றன. நல்லதெல்லாம் பின்னேரத்தில்.

ஆகவே எட்டு மணி நேரத்தை ஒரே நாளில் விழுங்க வேண்டாம். அண்டர்மாட்டிலோ கூரிலோ ஒரு இரவு தங்கி இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓபரால்ப் கணவாயில், 2,033 மீட்டர் உயரத்தில் இறங்கிப் பாருங்கள். அங்கே ஒரு சிவப்புக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. ரைன் ஆறு தொடங்கும் இடம் அதற்குப் பக்கத்தில், அது கடலில் சேருவது ஒல்லாந்தில். ஒல்லாந்தில் நின்ற கலங்கரை விளக்கத்தைப் பார்த்து அளவில் சிறிதாகச் செய்து 2010இல் இங்கே வைத்தார்கள். இலான்ஸுக்கும் ரைக்கனாவுக்கும் இடையே உள்ள ரைன் பள்ளத்தாக்கில் வெர்சாம் நிலையத்தில் இறங்கி ஆற்றோரம் நடக்கலாம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையே சரிந்து பள்ளத்தாக்கை மூட, ஆறு அதை அறுத்துக்கொண்டு வந்த வழி அது. வெள்ளைப் பாறைகள் சுண்ணாம்புச் சுவர் போல நிற்கும். கிளேசியர் எக்ஸ்பிரஸ் அங்கே நிற்காமல் போய்விடும்.

எக்சலன்ஸ் வகுப்பு என்று ஒன்று இருக்கிறதே?

கிளேசியர் எக்ஸ்பிரஸில் 2019இல் கொண்டு வந்தார்கள். 20 இருக்கைகள், எல்லாருக்கும் யன்னலோரம் நிச்சயம், பல தவணையாகச் சாப்பாடு, தனி மதுச்சாலை, கவனிக்க ஒரு ஆள். முதல் வகுப்பு ரிக்கற்றுக்கு மேல் ஏறக்குறைய 500 பிராங்க். நல்ல உணவகமும் நல்ல உபசரிப்பும் அதில் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அதே 500 பிராங்கில் இரண்டு பேர் பெர்னினாப் பாதையில் மூன்று நாள் இறங்கி ஏறித் திரியலாம். திருமண நாள், அறுபதாம் கலியாணம் என்று மனதில் ஒரு காரணம் வைத்து வருகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

அப்படியென்றால் யார்தான் கிளேசியர் எக்ஸ்பிரஸில் போகலாம்?

முதலில் வயது போன அப்பா அம்மா. வண்டி மாறுவது, படி ஏறுவது, இடம் தேடுவது எதுவும் இல்லாமல் ஒரே இருக்கையில் செர்மாட்டில் இருந்து சென் மோரிட்ஸ் வரை போகலாம். சாப்பாடு இருக்கிற இடத்துக்கே வரும். முழங்கால் சத்திரசிகிச்சை செய்த என் அப்பாவை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனேன், ஒரு பிராங்க்கூட வீண் என்று தோன்றவில்லை. அவர் ஓபரால்ப் ஏற்றத்தில் கூரைக் கண்ணாடியால் அண்ணாந்து பார்த்தபடி ஒரு மணி நேரம் பேசவே இல்லை.

அடுத்தது, இரண்டு ஊருக்கும் எப்படியும் போகத்தான் வேண்டும், பெரிய பெட்டிகளும் கையில் என்கிறவர்கள். சின்ன வயதில் இருந்தே இந்த ரயிலின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தவர்கள் என்னிடம் கேட்கவே வேண்டாம், போங்கள்.

நீங்கள் பெர்னினாவைத்தான் கூடப் புகழ்கிறீர்கள். ஏன்?

நேரம் பாதி, காட்சி இரட்டிப்பு. சென் மோரிட்ஸில் இருந்து டிரானோ வரையான பகுதி 61 கிலோமீட்டர்தான். 1908க்கும் 1910க்கும் இடையே கட்டம் கட்டமாகத் திறந்தார்கள். 2,253 மீட்டர் உயரத்தில் உள்ள ஒஸ்பிட்சியோ பெர்னினா நிலையத்தைத் தாண்டி 429 மீட்டரில் இருக்கும் டிரானோவுக்கு இறங்குகிறது. ஏற்றத்தில் வழுக்காமல் பிடிக்கும் பற்சக்கரம் கிடையாது. 7 சதவீதச் சரிவில் வெறும் சில்லும் தண்டவாளமும்தான் பிடித்துக்கொள்கின்றன. மேலே பனி, இடையில் பைன் காடு, பிறகு கஸ்தான் (செஸ்நட்) மரங்கள், கீழே திராட்சைத் தோட்டம்.

கணவாயில் இரண்டு ஏரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றின் பெயர் கறுப்பு ஏரி, மற்றதன் பெயர் வெள்ளை ஏரி. கறுப்பு ஏரியின் தண்ணீர் இன் ஆற்றோடு சேர்ந்து, தானூப் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது. வெள்ளை ஏரியின் தண்ணீர் போ ஆற்றோடு அத்ரியாத்திக் கடலுக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மேடு, அவ்வளவுதான்.

அதற்கு அடுத்தது அல்ப் குரூம். அங்கே கார் போகாது. ரயிலில் வர வேண்டும், இல்லாவிட்டால் நடந்து வர வேண்டும். கல்லால் கட்டிய நிலையம், அதோடு ஒரு உணவகம், எதிரே பாலூ பனியாறு. பெர்னினா எக்ஸ்பிரஸ் நின்றாலும் படம் எடுக்கும் நேரத்துக்குத்தான் நிற்கும். சாதாரண ரயிலில் வந்தவர் அடுத்த வண்டி வரும் வரை ஒரு தேத்தண்ணீரோடு உட்கார்ந்திருக்கலாம். கீழே புரூசியோவில் ரயில் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, ஒன்பது வளைவுள்ள வட்டப் பாலத்தில் ஏறி, அதே பாலத்தின் அடியால் நுழைந்து வெளியே வரும். டிரானோவுக்குள் வந்ததும் தெருவிலேயே, கார்களுக்குப் பக்கத்தில், கோயில் முற்றத்தைக் குறுக்கறுத்து ஓடும்.

யூலை, ஓகஸ்ட் மாதங்களில் நல்ல வெயில் நாட்களில் சில சாதாரண ரயில்களில் கூரையே இல்லாத மஞ்சள் பெட்டி கொளுவுவார்கள். கிடைத்தால் விடாதீர்கள். சால்வையும் தொப்பியும் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: இந்தப் பாதையில் சின்ன நிலையங்களில் கேட்டால்தான் வண்டி நிற்கும். பெட்டிக்குள் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். மேடையில் நிற்கிறவரும் அங்கே உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். மோர்டராட்ச் பனியாற்றைப் பார்க்க இறங்க இருந்த நான், முதல் தடவை இது தெரியாமல் யன்னலால் பார்த்துக்கொண்டே அதைக் கடந்து போனேன்.

எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

கூரில் இருந்து தெற்கே போகும்போது வலது பக்கம். லாண்ட்வாசர் வளைவும் மோர்டராட்ச் பனியாறும் வெள்ளை ஏரியும் வலது பக்கமே வரும். திரும்பி வரும்போது இடது பக்கம். கிளேசியர் எக்ஸ்பிரஸில் ஒரு சங்கதியை நினைவில் வையுங்கள்: கூரில் வண்டி திசை மாறும். அதுவரை வலதாக இருந்தது அதற்குப் பிறகு இடதாகிவிடும். சாதாரண ரயிலில் எழும்பி மற்றப் பக்கம் போய் உட்காரலாம், பெரும்பாலும் இடம் இருக்கும்.

மழை, முகில் என்றால் என்ன செய்வது?

முன்பதிவு செய்த ரயிலின் பெரிய குறை இதுதான். நல்ல தேதிகள் கெதியாக முடிந்துவிடும் என்று மாதக் கணக்கில் முன்னால் பதிவு செய்கிறீர்கள், அன்று விடிய எழும்பினால் மலை முழுக்க முகில். 2,000 மீட்டரில் முகிலுக்குள் போனால் கண்ணாடிக் கூரையால் தெரிவது ஒரே வெள்ளை.

சாதாரண ரயிலில் போகிறவர் முதல் நாள் இரவு வானிலையைப் பார்ப்பார். காலையில் கணவாயில் உள்ள நேரடிக் கமராக்களையும் பார்ப்பார். கூரில் மழை பெய்யும்போது பெர்னினாவுக்குத் தெற்கே வெயில் எறிக்கும் நாட்கள் எத்தனையோ உண்டு, மறுபக்கமாகவும் நடக்கும். நான்கைந்து நாள் இங்கே தங்குகிறீர்கள் என்றால் ஒரு நாளை மலைக்கு என்று ஒதுக்காதீர்கள். எந்த நாள் வெளிக்கிறதோ அந்த நாள் போங்கள். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது.

எந்தக் காலம் நல்லது?

ஒக்டோபர் முதல் பாதி. பைன் மரங்களுக்கு நடுவே லார்ச் மரங்கள் மஞ்சளாகி நிற்கும், காற்றும் தெளிவாக இருக்கும். கிளேசியர் எக்ஸ்பிரஸ் ஒக்டோபர் நடுவில் இருந்து டிசம்பர் நடு வரை ஓடாது. சாதாரண ரயில்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மாரியில் பிள்ளைகளோடு வந்தால் பிரேடாவில் இறங்குங்கள். அங்கே இருந்து பெர்கூன் வரை 6 கிலோமீட்டர் வீதியைச் சறுக்கு வண்டிகளுக்காக மூடிவிடுவார்கள். சறுக்கிக் கீழே வந்தால் ரயில் திரும்ப மேலே ஏற்றிக்கொண்டு போகும். அந்த இரண்டு ஊருக்கும் இடையே உயர வித்தியாசம் 400 மீட்டருக்கு மேல், அதைச் சமாளிக்கப் பாதை மலைக்குள் சுருண்டு சுருண்டு போகிறது. ஒரே ரயில் தலைக்கு மேலே ஒரு தரம், காலுக்குக் கீழே ஒரு தரம் தெரியும்போது பிள்ளைகள் கத்துகிற சத்தம் இருக்கிறதே, அதற்காகவே போகலாம்.

சாப்பாடு?

கிளேசியர் எக்ஸ்பிரஸில் சமையலறை உண்டு, மரக்கறிச் சாப்பாடும் கிடைக்கும், விலை சுவிஸ் விலை. சாதாரண ரயிலில் கட்டிக்கொண்டு போனதைச் சாப்பிடலாம். நாங்கள் ரொட்டியும் இடிச்ச சம்பலும்தான். டிரானோவில் இறங்கினால் இத்தாலி விலையில் வயிறாரச் சாப்பிடலாம்.

ஊட்டி ரயிலும் பதுளை ரயிலும் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்குமா?

இருக்கும், ஆனால் சொந்தம் போலவும் இருக்கும். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு ஏறும் நீலகிரி ரயிலின் பழைய நீராவி இயந்திரங்களைச் செய்தது சுவிஸில் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலை. அந்தப் பாதையின் நடுவில் உள்ள பல் தண்டவாளத்தை வடிவமைத்த ரோமன் ஆப்ட் ஒரு சுவிஸ் பொறியியலாளர். ஓபரால்ப்பில் கிளேசியர் எக்ஸ்பிரஸ் கடித்துக்கொண்டு ஏறுவதும் அதே ஆப்ட் முறைப் பற்களைத்தான். தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம்கூட நீலகிரியிலும் இங்கேயும் ஒரே 1 மீட்டர். பதுளைப் பாதையில் தெமோதரையில் ரயில் சுற்றி வந்து தான் நின்ற நிலையத்தின் அடியாலேயே போவதைப் பார்த்தவர்கள் புரூசியோவைக் கண்டதும் சிரிப்பார்கள்.

டிரானோவுக்குப் போகக் கடவுச்சீட்டு வேண்டுமா?

கட்டாயம் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு நாடும் ஷெங்கனுக்குள் இருப்பதால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, ஆனால் எல்லையில் இடைக்கிடை சோதிப்பார்கள். ஷெங்கன் விசாவில் வருகிறவர்கள் விடுதியில் வைத்துவிட்டு வர வேண்டாம்.

சூரிச்சில் நிற்கிறோம். கையில் ஒரே ஒரு நாள். என்ன செய்யலாம்?

காலை ஆறரை, ஏழு மணிக்குள் ரயில் பிடியுங்கள். கூருக்கு ஒன்றேகால் மணி நேரம். அங்கே நிலையத்தை விட்டு வெளியே போகாமல் அடுத்த மேடைக்கு நடந்து, சென் மோரிட்ஸ் போகும் சிவப்பு வண்டியில் ஏறி வலது பக்கம் உட்காருங்கள். தூசிஸ் தாண்டியதும் எழும்பி, திறக்கும் யன்னல் இருக்கும் பகுதிக்குப் போய்விடுங்கள். சொலிஸ் பாலம் 89 மீட்டர் உயரம், அதற்குப் பிறகு லாண்ட்வாசர். சென் மோரிட்ஸில் பெர்னினா வண்டிக்கு மாறுங்கள். டிரானோ வரை போய் அன்றே சூரிச் திரும்பினால் பன்னிரண்டு மணி நேரம் ரயிலுக்குள் போய்விடும். அல்ப் குரூமோடு நிறுத்துங்கள். மத்தியானச் சாப்பாட்டை அங்கே வெளியில் போட்டிருக்கும் மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இருங்கள். திரும்பும்போது ஒஸ்பிட்சியோ பெர்னினாவில் இறங்கி வெள்ளை ஏரிக் கரையால் ஒரு வண்டி இடைவெளிக்கு நடந்துவிட்டு அடுத்ததில் ஏறுங்கள். மறக்காமல் அந்தப் பொத்தானை அழுத்துங்கள்.